பெரிய டர்போ மேடு ஏற்றாது

சூளகிரியிலிருந்து அத்திப்பள்ளி வரை நெடுஞ்சாலை ஓரத்தில் எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி, "லோடு ஏத்தினா மேட்டுல இழுக்க மாட்டேங்குதுண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "டர்போ சின்னதுங்க. இதைவிடப் பெரிய இன்ஜினோட டர்போ பழைய சாமான் கடையில கிடைக்கும். மாட்டிவிட்டா வண்டி பறக்கும்." பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள் தலையாட்டுவார்கள். டிப்பர் ஓனர்கள் தங்களுக்குள் இதையே சொல்லிக்கொள்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் லாரித் தொழிலோடு பழகியவர் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

இந்தப் பேச்சு தவறு. தினமும் லோடு ஏற்றி ஓடும் லாரிக்குக் கம்பெனி பொருத்தியதைவிடப் பெரிய டர்போவைப் போட்டால் இழுவை கூடாது. இழுவை எங்கே தேவையோ, சரியாக அங்கேதான் குறையும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், கிளட்ச் சீக்கிரம் தேயும், புகை கறுக்கும். மாதத் தவணை கட்டி ஒற்றை வண்டி ஓட்டும் ஓனர்-டிரைவர்தான் இந்த அறிவுரைக்கு அதிக விலை கொடுக்கிறார். அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

சாலையிலிருந்து தொடங்குவோம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட 300 மீட்டருக்கு மேல் தாழ்வு. அந்த ஏற்றம் 50 கிலோமீட்டருக்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. மேலுமலைப் பக்கம் வந்தால் எந்த டிரைவருக்கும் தெரியும். கிரானைட் கல், எம்-சாண்ட், தக்காளி, மாங்கூழ் டிரம், சிப்காட் ஆலைகளின் உதிரிபாகம் என்று எது ஏறியிருந்தாலும் வண்டி அங்கே கியர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஏறி முடித்து ஓசூரைத் தாண்டினால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி நெரிசல். நின்று நின்று நகரும் வேலை. ஆக, இந்த ஊர் லாரியின் நாள் இரண்டு நிலைகளில் கழிகிறது. ஒன்று, குறைந்த வேகத்தில் முழு லோடோடு ஏறுவது. மற்றது, நின்ற இடத்திலிருந்து மறுபடி மறுபடி கிளம்புவது.

ஏறுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. அந்த 28.5 டன், நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சக்கரத்தில் சுமார் 150 குதிரைத்திறன் வேண்டும். அதே வண்டி சமதளத்தில் 60-ல் போக 70 குதிரைத்திறன் போதும். அதாவது வேகமாகப் போகும்போது கேட்பதைவிட இரு மடங்கு பலத்தை, பாதி வேகத்தில் போகும்போது வண்டி கேட்கிறது. அப்போது இன்ஜின் ஓடுவது பெரும்பாலும் 1200-க்கும் 1700-க்கும் இடைப்பட்ட சுற்றில். இன்றைய ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின்களின் கையேட்டைப் புரட்டினாலும் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ அந்த இடத்தில்தான் குறிக்கப்பட்டிருக்கும். இன்ஜினை வடிவமைத்தவருக்கு லாரி எங்கே வேலை செய்கிறது என்பது தெரியும்.

ஆறு சிலிண்டர், 5.7 லிட்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அது தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1200 சுற்றில் நிமிடத்துக்கு 3,400 லிட்டர் சொச்சம். 2400 சுற்றில் அதன் இரு மடங்கு. வெளியேறும் புகைக்காற்றும் அதே விகிதத்தில்தான் இருக்கும். டர்போவைச் சுழற்றுவது அந்தப் புகைக்காற்றுதான். குழாயின் வாயை விரலால் குறுக்கினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதுபோல டர்பைன் கூட்டின் வாய் குறுகலாக இருந்தால் குறைந்த காற்றும் வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். வாய் அகலமானால் 1200 சுற்றில் வரும் காற்று உள்ளே போய்ச் சோம்பலாக வெளியேறிவிடும். பெரிய டர்போ என்று பட்டறையில் கொண்டாடப்படுவது இந்த அகலமான வாயைத்தான். 2000 சுற்றைத் தாண்டிய பிறகு அதற்கு உயிர் வரும். மேலுமலையில் மூன்றாவது கியரில் 1300 சுற்றில் முக்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அதனால் என்ன பயன்?

எடையும் சேர்ந்துகொள்கிறது. ஒரே வடிவச் சக்கரத்தின் விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால், சுழல்வதற்கு அது காட்டும் எதிர்ப்பு, அதாவது நிலைமம், 20 சதவீதம் கூடுவதோடு நிற்காது. விட்டத்தின் ஐந்தாவது அடுக்கில் கூடும் என்பதால் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுப் பக்கம் சுழல வேண்டிய பொருள் அது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் சின்ன டர்போ எழுந்துவிடுகிறது, பெரியது காத்திருக்க வைக்கிறது.

இந்தக் காத்திருப்பு மேட்டில் என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். நாலு சதவீத ஏற்றத்தில் முழு லோடு வண்டியைக் கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால், இரண்டு விநாடியில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் அளவுக்கு வேகம் விழும். 30-ல் போன வண்டி 26-க்கும் 27-க்கும் இடையில் வந்து நிற்கும். அந்த இரண்டு விநாடியில் டர்போவும் தளர்ந்திருக்கும். கியர் விழுந்ததும் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், உடனே திரும்பினால் வண்டி பிடித்துக்கொண்டு ஏறும். திரும்ப இன்னும் இரண்டு விநாடி ஆனால் டிரைவர் மறுபடி ஒரு கியர் இறக்க வேண்டும். அங்கே மறுபடியும் இதே கதை. பெரிய டர்போ போட்ட வண்டியின் டிரைவர், முன்பு மூன்றாவதில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவதில் உறுமிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான். இன்ஜின் சத்தம் கூடியதை ஓனர் பலம் கூடியதாக எடுத்துக்கொள்கிறார். மேட்டின் உச்சியைத் தொட எத்தனை நிமிடம் ஆனது என்று யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

பழைய வண்டிகளில் இதோடு முடிவதில்லை. பிஎஸ்-3 காலத்து இன்லைன் பம்ப் உள்ள இன்ஜினைத் திறந்து பாருங்கள். பம்பின் கவர்னர் தலையில் வட்டமான சிறு பெட்டி ஒன்று இருக்கும். மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குள் போகும். உள்ளே ரப்பர் டயாஃப்ரம், அதற்குக் கீழே ஸ்பிரிங். பூஸ்ட் அழுத்தம் டயாஃப்ரத்தை அழுத்தினால்தான் பம்ப் முழு டீசலை விடும். காற்று வராமல் டீசல் மட்டும் போய் வீணாகப் புகையாகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பெரிய டர்போவில் பூஸ்ட் தாமதமாக வருவதால் இந்தப் பெட்டி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வண்டி முன்பைவிட மந்தமாகிறது. ஓனர் திரும்பவும் பட்டறைக்கு வருகிறார். "பம்ப் ஏத்தணும்" என்கிறார்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, காற்று வருவதற்கு முன்பே டீசல் போகும்படி செய்கிறார்கள். இப்போது சைலன்சரிலிருந்து கரி கொட்டுகிறது. அந்தக் கரும்புகையைப் பார்த்து "வண்டி நல்லா எரிக்குது" என்று மகிழ்பவர்கள் உண்டு. உண்மையில் எரியாத டீசல்தான் கரியாக வெளியே போகிறது. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி 12 கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய நடைமுறையில் 17 கிலோவாவது வேண்டும். ஓசூர்க் காற்றில் அது சுமார் 16 கன மீட்டர். அதைக் கொடுக்காமல் டீசலை மட்டும் கூட்டினால் சிலிண்டர் கழுவப்படும், ஆயிலில் கரி சேரும், பிஸ்டன் தலை காயும்.

மறுதரப்பின் வாதங்களில் கொஞ்சம் பலமானவையும் உண்டு. "ஓசூர் மேட்டு ஊர், காற்று லேசு, அதனால் பெரிய டர்போ வேண்டும்" என்பது ஒன்று. 900 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் அதைச் சரிக்கட்டும் குணம் டர்போவுக்கே இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது டர்பைனுக்குப் பின்னால் உள்ள எதிரழுத்தமும் குறையும். சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். இழப்பின் ஒரு பகுதி தானாகவே ஈடாகிவிடும். சென்னையில் இரண்டு பார் தனி அழுத்தம் தர வெளிக்காற்றை இரு மடங்காக்கினால் போதும். ஓசூரில் 2.2 மடங்காக்க வேண்டும். அதற்குத் தேவை வேகமாக எழும் டர்போ. மெதுவாக எழும் பெரியதைப் போட்டால் காற்று லேசான ஊரில் குறை இன்னும் கூடத்தான் செய்யும்.

"பூஸ்ட் மீட்டரில் ஒன்றே முக்கால் காட்டுது, பாருங்க" என்பது அடுத்த வாதம். எந்தச் சுற்றில் காட்டுகிறது? காலி வண்டியை 2300 வரை முறுக்கிக் காட்டினால் எந்த டர்போவும் காட்டும். லோடோடு 1300-ல் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அழுத்தம் வேறு, காற்றின் அளவு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. டர்போவில் காற்றை அழுத்தும் பாகமான கம்ப்ரஸர் தன் நல்ல எல்லைக்கு வெளியே ஓடும்போது காற்றை அழுத்துவதைவிட அதிகமாகச் சூடாக்கும். சூடான காற்று மீட்டரில் அழுத்தம் காட்டும், சிலிண்டருக்குள் ஆக்ஸிஜனாகச் சேராது. பெரிய கம்ப்ரஸருக்குள் குறைந்த காற்று போனால் காற்று பின்னால் புரண்டு வரும் ஆபத்தும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விடும்போது படபடவென்று கேட்கும் அந்தச் சத்தத்தைச் சில இளைஞர்கள் ரசிக்கிறார்கள். ஒவ்வொரு படபடப்பிலும் டர்போவின் த்ரஸ்ட் பேரிங் அடிபடுகிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

"பெரிய டர்போ போட்டா இன்ஜின் சூடு குறையும்" என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. தொடர்ந்து உயர்ந்த சுற்றில், கூட்டிய டீசலோடு ஓடும் இன்ஜினுக்கு அது பொருந்தும். குறைந்த சுற்றில் காற்றுப் பற்றாக்குறையோடு ஏறும்போது புகைக்காற்றின் சூடு ஏறத்தான் செய்யும்.

நான் சொல்வது ஓசூர்ப் பட்டறையில் எடுபடாவிட்டால் கம்மின்ஸ் இன்ஜினின் வரலாற்றையாவது பாருங்கள். 1989-ல் அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப் லாரிக்கு 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி வரிசை டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். 160 குதிரைத்திறன். ஹோல்செட் டர்போவின் டர்பைன் கூட்டின் வாய் 21 சதுர சென்டிமீட்டர். 1990-களின் தொடக்கத்தில் இன்டர்கூலர் வந்தபோது அது 18 ஆனது. 1994-ல் 12 ஆகச் சுருங்கியது, கூடவே வேஸ்ட்கேட் வந்தது. 1996-ல் அதே 5.9 லிட்டர் 215 குதிரைத்திறன் தந்தது. பலம் கூடக் கூட டர்பைன் வாயைச் சிறிதாக்கிக்கொண்டே போனார்கள். கீழ்ச்சுற்றில் உடனே எழட்டும், மேல்சுற்றில் மிஞ்சுவதை வேஸ்ட்கேட் திறந்து வெளியே விடட்டும் என்பது அவர்கள் கண்ட வழி. அதே பி வரிசை இன்ஜின் ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸ் ஆலையில் தயாராகி நம் டாடா லாரிகளில் ஓடியது. மேலுமலையில் லோடு இழுத்திருக்கிறது. கார் உலகம் கற்ற பாடமும் இதுவே. 1973-ல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ, கீழ்ச்சுற்றில் தூங்கி மேல்சுற்றில் திடீரென்று பாயும் வண்டியாகப் பெயர் வாங்கியது. லாரி செய்யும் ஸ்கானியாவோடு ஒரே குழுமமாக இருந்த சாப் நிறுவனம், 1970-களின் இறுதியில் 99 டர்போ காருக்குச் சின்ன டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் தேர்ந்தெடுத்தது. அன்றாடம் ஓட்டும் டர்போ காருக்கு வழி காட்டியது அதுதான்.

சின்னதே எப்போதும் சிறந்தது என்று நான் வாதாடவில்லை. நாலு சிலிண்டர் வண்டியின் டர்போவை ஆறு சிலிண்டரில் மாட்டினால் மேல்சுற்றில் இன்ஜினின் தொண்டை அடைபடும், எதிரழுத்தம் ஏறும், டர்போ வரம்பு மீறிச் சுழன்று சக்கரம் சிதறலாம். பெரிய டர்போவுக்கு இடமே இல்லை என்றும் சொல்லவில்லை. இன்ஜெக்டர், பம்ப், பிஸ்டன் எல்லாவற்றையும் மாற்றி உயர்ந்த சுற்றிலேயே ஓட்டும் போட்டி வண்டிக்கு அது வேண்டும். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போக விடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு, தினமும் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் இடையில் ஓடும் சரக்கு வண்டி போட்டிக்குப் போவதில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இந்த வேலைக்கு இடமே கிடையாது. டர்போ, இஜிஆர் (புகைக்காற்று மறுசுழற்சி), கரி வடிகட்டி, யூரியா தெளிப்பு என்று எல்லாம் ஒரே கணினியின் கணக்கில் கட்டுண்டவை. ஒன்றை மாற்றினால் விளக்கு எரியும், பலம் தானாகக் குறையும். ஆகவே இந்தக் கூத்து நடப்பது பழைய வண்டிகளில், அதாவது செலவைத் தாங்க முடியாதவர்களின் வண்டிகளில். செலவைப் பாருங்கள். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 1,500 லிட்டர் டீசல். அது 3.7 ஆக இறங்கினால் 120 லிட்டருக்கு மேல் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 11,000 ரூபாய். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த டர்போவின் உண்மையான விலை இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அப்படி மாற்றும் ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. டர்போ இதில் அடங்குமா என்று யாராவது வாதாடலாம். பம்ப் ஏற்றிய வண்டி எஃப்.சி.க்குப் போய்ப் புகைச் சோதனையில் நிற்கும்போது அந்த வாதம் உதவாது.

அப்படியானால் வண்டி ஏன் இழுக்கவில்லை? இந்தக் கேள்வியைத்தான் பட்டறை முதலில் கேட்டிருக்க வேண்டும். கல்குவாரிப் பாதையில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். மாவு போன்ற கிரானைட் தூசி அடைத்திருக்கும். அதைத் தாண்டி உள்ளே போன தூசி கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ் முனைகளை அரத்தால் ராவியதுபோலத் தேய்த்திருக்கும். இன்டர்கூலர் ஹோஸில் கிளாம்ப்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வெடிப்பு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டர்போவின் காற்று வாயை மூடி அடைத்து, பட்டறைக் கம்ப்ரஸரிலிருந்து ஒரு பார் அழுத்தத்தில் காற்று விட்டு, மூட்டுகள்மேல் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கசியும் இடத்தில் நுரை எழும். டர்போ ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி ஆடினாலோ, சக்கரம் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ அந்த டர்போவின் காலம் முடிந்தது. எக்ஸாஸ்ட் பிரேக்கின் தட்டு பாதி மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வால்வு இடைவெளி மாறியிருக்கலாம். நான் பார்த்தவரை இழுவைக் குறை என்று வரும் வண்டிகளில் டர்போவின் அளவு காரணமாக இருந்ததே இல்லை. வேறு ஒரு பழுதைக் காணாமல் விட்டதற்கு அளவின்மேல் பழி விழுகிறது.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. ஓசூர் லாரி செய்யும் ஊர். அசோக் லேலண்ட் 1980-ல் இங்கே ஆலையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலேயே டர்போ எனர்ஜி நிறுவனம் 1980-களிலிருந்து டர்போ தயாரிக்கிறது. ஒரு இன்ஜினுக்கு எந்த டர்போ என்று தீர்மானிக்க, எந்தச் சுற்றில் எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று சோதனைக் கூடத்தில் மாதக்கணக்கில் அளக்கும் வேலையை அறிந்தவர்கள் இந்த ஊர்த் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். அந்த அளவையெல்லாம் ஆலைச் சுவரைத் தாண்டியதும் யாரும் மதிப்பதில்லை. டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் இதை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஆலைகளும் முன்வரவில்லை. ஐடிஐ பாடத்தில் டர்போவின் பாகங்களின் பெயரைக் கேட்கும் அளவுக்கு, எந்தச் சுற்றுக்கு எந்த அளவு என்று கேட்க வேண்டும்.

லாரி வைத்திருப்பவர்களே, வண்டி இழுக்கவில்லை என்றால் டர்போ வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் மேனிஃபோல்டில் ஒரு பூஸ்ட் மீட்டரை மாட்டி, முழு லோடோடு மேலுமலை ஏறி, 1300 சுற்றில் அது என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு ஃபில்டர், ஹோஸ், இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் பிரேக் என்று வரிசையாகப் பாருங்கள். அதற்கும் பிறகு டர்போதான் போய்விட்டது என்று தெரிந்தால், அதன்மேல் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்துப் பாகத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பெரியதைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.